புதுப்பிப்பு: பைக்க வாங்கிட்டுப் போன நண்பன் விஷயம்

மேலூர் கல்யாணத்துக்குன்னு என் ஸ்ப்ளெண்டர வாங்கிட்டுப் போனவன், கீழ போட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லாம வாசல்ல நிறுத்திட்டுப் போயிட்டான்னு போன வாரம் எழுதிருந்தேன்ல, அதோட அப்டேட்.

மெக்கானிக் அண்ணன் பாத்துட்டாரு. ஃபோர்க் வளைஞ்சிருக்கு, வலது இண்டிகேட்டர் ஒயர்ல தொங்குது, ஃபுட்ரெஸ்ட் மடங்கி பிரேக் பெடல்ல இடிக்குது, மொத்தம் 4,800 ஆகும்னாரு. இன்சூரன்ஸ்ல கேளுன்னு நெறைய பேர் சொன்னீங்க, என்கிட்ட இருக்குறது தேர்ட் பார்ட்டி மட்டும்தான், நம்ம வண்டி சேதத்துக்கு அதுல பைசா வராது.

நடுவுல ஹெல்மெட் போடலன்னு 1,000 ரூபா இ-சலான் வேற, வண்டி என் பேர்ல இருக்குறதால என் போனுக்குத்தான் மெசேஜ் வந்துச்சு. அவன்கிட்ட லைசென்ஸ் இருக்கு, அதுவரைக்கும் நிம்மதி, இல்லாதவன்கிட்ட வண்டி குடுத்தா ஓனருக்கும் 5,000 வரைக்கும் அபராதம் உண்டு.

நேத்து நேர்ல போய்ப் பாத்தேன். முழுக்கை சட்டை போட்டு மறைச்சிருந்தான், மடிச்சுவிடச் சொன்னா முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் சிராய்ப்பு, இன்னும் ஈரம் காயல. எனக்கு பாதி கோவம் அங்கயே போயிருச்சு. "விழுந்துட்டேன்னு ஒரு போன் பண்ணிருந்தா நான்தானடா மொதல்ல ஓடி வந்திருப்பேன்"னேன், தலைய குனிஞ்சுக்கிட்டான். சலான் காசோட சேத்து 3,000 அப்பவே ஜிபேல போட்டான், மிச்சம் சம்பளம் வந்ததும் தர்றேன்னான். சொல்லாம நிறுத்திட்டுப் போனது மட்டும் இன்னும் மனசுல உறுத்துது. வண்டி வெள்ளிக்கிழமை கைக்கு வருது.