தோட்டத்துப் பேரிடர் ஒருங்கிணைப்பாளர்களுக்குப் பயிற்சி: எதிலிருந்து தொடங்குவது?

சுங்கைக்கரை (கேள்வி):

வணக்கம். பெஸ்தாரி ஜெயா பக்கம் (நமக்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) இரண்டு செம்பனைத் தோட்டங்கள், ஓர் எண்ணெய் ஆலை, ஒட்டினாற்போல் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி), ஒரு தமிழ்ப்பள்ளி. மழைக்காலத்தில் சிலாங்கூர் ஆறு கரையேறும். வறட்சி வந்தால் ராஜா மூசா காட்டுப் பக்கம் கம்புட் மண் (மக்கிய தாவரம் சேர்ந்த சதுப்பு மண்) புகைய ஆரம்பிக்கும். ஆலையில் பாய்லரும் கழிவுநீர்க் குளமும் உண்டு.

மனிதவள லெவி நிதியில் (பயிற்சிக்காக முதலாளிகள் கட்டும் பணம்) பயிற்சி கொடுக்க நிர்வாகம் சம்மதித்துவிட்டது. மண்டோர், கிராணி, ஆலை சுப்பர்வைசர் என்று 14 பேரைப் பேரிடர் ஒருங்கிணைப்பாளர்களாகப் பொறுக்கியிருக்கிறோம். ஒரு பயிற்சி நிறுவனம் 2 நாள் திட்டம் அனுப்பியிருக்கிறது: முதலுதவி, தீயணைப்பான், கயிறு கட்டி இறங்குவது, கடைசியில் டீசட்டையும் சான்றிதழும். இது போதுமா? அதோடு, 14 பேரில் இரண்டு பேர் இதையே தொழிலாக எடுக்க ஆசைப்படுகிறார்கள். ஒருவர் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்தவர், மற்றவர் வேலையிடப் பாதுகாப்பில் டிகிரி வாங்கியவர். அவர்களுக்கு எது வழி?

ஆற்றுமட்டம்:

அந்த 2 நாள் திட்டம் மீட்பு ஆளுக்கான பயிற்சி. கெட்டதில்லை, ஆனால் நீங்கள் கேட்பது அதுவல்ல. ஒருங்கிணைப்பாளர் கயிற்றில் இறங்கினால் லாரியை யார் வரவழைப்பது?

பாடத்திட்டத்தைப் பயிற்சி நிறுவனத்தின் பட்டியலிலிருந்து எடுக்காமல் வேலையிலிருந்து எடுங்கள். வெள்ளம் வரும் இரவில் அந்த ஆள் செய்ய வேண்டிய முடிவுகள் என்னென்ன என்று எழுதிப் பாருங்கள். ஆற்று மட்டத்தை யார் பார்ப்பது? நீர்ப்பாசன வடிகால் துறையின் இன்ஃபோ பஞ்சிர் தளத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு மட்டம் இருக்கும். பெரும்பாலான தோட்டத் திட்டங்களில் 'அபாய மட்டம் வந்ததும் வெளியேற வேண்டும்' என்றுதான் எழுதியிருப்பார்கள். அப்போது லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) போகும் மண்சாலை ஏற்கெனவே முழங்கால் தண்ணீரில் இருக்கும். விழிப்பு மட்டத்தில் வாகனமும் சாவியும் தயார், எச்சரிக்கை மட்டத்தில் படுத்த படுக்கையானவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் கிளம்பியாக வேண்டும் என்று முன்னாலேயே எழுதி நிர்வாகியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் நடுராத்திரியில் எந்தக் கிராணியும் தன் பொறுப்பில் லாரியை எடுக்கமாட்டார்.

அடுத்தது, அரசாங்க அமைப்பு எப்படி ஓடுகிறது என்பது. 1993ல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்த பிறகு, 1997ல் பேரிடர் நிர்வாகம் பற்றிய தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் உத்தரவு வந்தது. மாவட்டம், மாநிலம், மத்தியம் என்ற மூன்றடுக்கு அங்கிருந்து வருவது. 2015ல் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா உருவானது. உங்களுக்கு வேண்டியது மாவட்ட அடுக்கு: தலைவர் மாவட்ட அதிகாரி, செயலகம் பொது தற்காப்புப் படை, நிவாரண மையம் சமூக நலத்துறை. கோலசிலாங்கூரில் இந்த மூன்று இடத்திலும் யாரிடம் பேசுவது என்று 14 பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அரை நாள் வகுப்பு போதும், அந்த அதிகாரிகளையே அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

கணக்குப் போடவும் கற்றுக்கொடுங்கள். ஸ்பியர் தரத்தில் (நிவாரணப் பணிக்கான அனைத்துலகக் குறைந்தபட்ச அளவு) ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் தங்கும் இடம், ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், முதல் நாட்களில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, பிறகு 20 பேருக்கு ஒன்று. உங்கள் தேவான் (மண்டபம்) 20க்கு 30 மீட்டர் என்றால் 600 சதுர மீட்டர். வகுத்தால் 171 பேர். நடைவழி, பதிவு மேசை, சாமான் மூலை போக 140 என்று வைத்துக்கொள்வதே நியாயம். தண்ணீர் 2,100 லிட்டர், கழிப்பறை முதலில் 3, நீண்டால் 7. 'முந்நூறு பேர் தாராளமாகப் படுக்கலாம்' என்று கண்ணளவில் சொல்லும் இடத்தில்தான் இரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும்.

கிராணிப்பேரன்:

மேலே சொன்னதோடு ஒன்று: லெவி நிதிக்குப் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும், முடிந்த பிறகு போனால் கிடைக்காது. அது மலேசியத் தொழிலாளர்களுக்கான நிதி. இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களையோ தாமான் மக்களையோ அந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. அவர்களுக்கான வகுப்புக்குத் தோட்டம் தனியாகச் செலவு செய்யட்டும். லயத்தில் பாதிப் பேர் அவர்கள்தானே.

சம்பவக் கட்டளை முறை (ஐசிஎஸ்) கட்டாயம் வேண்டும். 1970ல் கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது ஒவ்வொரு துறையும் தனித்தனியாக ஓடியதன் விளைவாக வந்த முறை அது. அமெரிக்க அவசரநிலை நிர்வாக அமைப்பான ஃபெமாவின் ஐஎஸ் 100, 200, 700 பாடங்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அந்தச் சான்றிதழை நம்பி எதையும் கட்டவேண்டாம், கருத்தை எடுத்துக்கொண்டு தமிழிலும் மலாயிலும் நீங்களே சொல்லிக்கொடுங்கள். அவர்களுடைய உதாரணங்கள் எல்லாம் ஷெரிஃப், கவுண்டி என்று போகும், நம் ஆட்களுக்கு ஒட்டாது.

எடுக்க வேண்டியது இவ்வளவுதான்: ஒரு நேரத்தில் ஒரே தலைவர். ஒருவர் கீழ் 3 முதல் 7 பேர், 5 இருந்தால் நல்லது. செயல்பாடு, திட்டம், தளவாடம், நிதி என நான்கு பிரிவு. பொறுப்பு கைமாறும்போது நேருக்கு நேர் சொல்லிவிட்டுப் போவது. எங்கே கோணலாகிறது என்றால், இந்தப் பொறுப்புகளைக் கட்டம் போட்டுக் காட்டும் படத்தைச் சுவரில் ஒட்டி எல்லாக் கட்டத்திலும் பெயர் நிரப்பிவிடுவார்கள். சின்னச் சம்பவத்தில் தலைவர் ஒருவரே நான்கையும் பார்க்கலாம், வேலை பெருகினால் மட்டும் பிரித்துக்கொடுப்பார். நிரப்பியே ஆகவேண்டிய கட்டம் தலைவருடையது ஒன்றுதான். மேனேஜர் கோலாலம்பூரில் இருக்கும் நாளில் அது யார்?

பாய்லர்_பக்கம்:

ஆலையை மறந்துவிடாதீர்கள். கழிவுநீர்க் குளம், ஸ்டெரிலைசர் (பழக்குலை அவிக்கும் கலன்), எண்ணெய்த் தொட்டி என்று அடைபட்ட இடங்கள் நிறைய. அங்கே நடக்கும் சாவு பெரும்பாலும் ஜோடியாக நடக்கும்: முதல் ஆள் மயங்கி விழுவார், காப்பாற்றப் போகிறவர் அப்படியே உள்ளே குதிப்பார். ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை அடிக்கும், 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. 'நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்' என்பது ஆபத்தான பேச்சு. ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்கிறதா, எரிவாயு வெடிப்பெல்லையின் (வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவின்) 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்காமல் யாரும் இறங்கக்கூடாது. வேலையிடப் பாதுகாப்புக் கழகமான நியோஷில் உள்ளே இறங்குபவர், வெளியே நிற்பவர் இருவருக்கும் ஒரு வகுப்பு, காற்றுச் சோதகர், மேற்பார்வையாளர் இருவருக்கும் ஒரு வகுப்பு இருக்கிறது. 14 பேரில் ஆலை ஆட்களை அங்கே அனுப்புங்கள். மண்டோர்களுக்கு அது தேவையில்லை.

கம்புட் தீயும் அப்படித்தான், தனி அறிவு வேண்டும். மேலே தண்ணீர் பீய்ச்சினால் புகை அடங்கும், அடியில் எரிந்துகொண்டே இருக்கும். வாய்க்காலை அடைத்து நிலத்தடி மட்டத்தை ஏற்றுவதுதான் மருந்து. ஆக, வறட்சி தொடங்குமுன் எந்த வாய்க்காலை எங்கே அடைப்பது என்பதையும் பாடத்தில் சேருங்கள்.

மேசைப்பயிற்சி:

வகுப்பைவிட ஒத்திகையில்தான் எது ஓட்டை என்று தெரியும். ஆனால் நேரே பெரிய ஒத்திகைக்குப் போகாதீர்கள். சைரன், பொம்பா (தீயணைப்புப் படை) லாரி, வைபி (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்) வருகை, பத்திரிகைப் படம் என்று நாள் போய்விடும், யாரும் எதுவும் கற்கமாட்டார்கள். முதலில் மேசை ஒத்திகை. 2 மணி நேரம், ஒரு வரைபடம், 8 முதல் 12 பேர், நடத்த ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். குறிப்பெடுப்பவர் வாய் திறக்கக்கூடாது.

சூழலைச் சின்னச் சின்னத் துண்டாகக் கொடுங்கள். மாலை 3 மணி: தொடர் மழை, வானிலைத் துறையான மெட்மலேசியாவின் ஆரஞ்சு எச்சரிக்கை. 5 மணி: தமிழ்ப்பள்ளியில் மாலை வகுப்புப் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், பஸ் வரவில்லை. 7 மணி: கைப்பேசிக் கோபுரம் செத்துவிட்டது. 8 மணி: கோலகுபுபாரு அணை உடைந்துவிட்டதாக வாட்சாப்பில் வதந்தி, தாமான் சனம் கார்களோடு சாலைக்கு வந்துவிட்டது. இந்தக் கடைசித் துண்டைக் கட்டாயம் வையுங்கள், வதந்திக்கு யார் பதில் சொல்வது என்று எந்தத் திட்டத்திலும் எழுதியிருக்காது.

'999க்கு அழைப்போம்' என்று சொன்னதும் எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். விடாதீர்கள். அழைத்தாயிற்று, வர ஒரு மணி நேரமாகும், அதுவரை என்ன என்று கேளுங்கள். தொலைபேசிப் பட்டியலை மேசையிலேயே அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பாதி எண் இருக்காது. ஆள் பதிவேட்டையும் கேளுங்கள்: இன்றைக்கு லயத்தில் எத்தனை பேர்? பக்கத்து மாவட்டத்தில் பத்தாங் காலி முகாம் மேல் 2022 டிசம்பரில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அப்படியொரு இடத்தில் தேடப் போகிறவர் முதலில் கேட்பது உள்ளே எத்தனை பேர் என்றுதான்.

முடிந்ததும் அறிக்கை இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு குறைக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. பெயர் இல்லாத குறை அடுத்த வருஷமும் அதே இடத்தில் இருக்கும்.

சான்றிதழ்_சேமிப்பவன்:

அந்த இரண்டு பேரைப் பற்றி. 'அவசரநிலை நிர்வாகி' என்ற பெயரில் இங்கே வேலை விளம்பரம் அதிகம் வராது. பாதுகாப்பு அதிகாரி, அவசரக் குழு ஒருங்கிணைப்பாளர், தொழில்தொடர்ச்சி அதிகாரி (பேரிடரிலும் நிறுவனத்தின் வேலை நிற்காமல் பார்ப்பவர்) என்ற பெயர்களில்தான் வரும். 2024 ஜூன் 1 முதல் 5 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பாதுகாப்பு அதிகாரி வைக்கவேண்டிய கட்டாயம் இல்லையென்றால், ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரையாவது நியமிக்கவேண்டும் என்று சட்டம் இருப்பதால் நுழைவாசல் அகலமாகியிருக்கிறது.

டிகிரிக்காரருக்கு: மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் (யூடிஎம்) கோலாலம்பூர் வளாகத்தில் பேரிடர் இடர் நிர்வாகத்துக்கு முதுகலை இருக்கிறது. அவசரமில்லை, கொஞ்சம் வேலை பார்த்துவிட்டுப் போகலாம். அனைத்துலக அளவில் என்றால், அவசரநிலை நிர்வாகிகளின் சங்கமான ஐஏஇஎம் வழங்கும் சிஇஎம் (சான்றளிக்கப்பட்ட அவசரநிலை நிர்வாகி) சான்றிதழ். அதற்கு 3 வருஷ அனுபவம், அவசரநிலை நிர்வாகத்தில் 100 மணி நேரப் பயிற்சி, பொதுவான மேலாண்மையில் 100 மணி நேரம், தொழிலுக்கு 6 பங்களிப்புகள், தேர்வு. 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அனுபவம் போதாதவர் முதலில் அதற்குக் கீழ்ப்படியான ஏஇஎம் எடுக்கலாம். பலர் சறுக்குவது மணிக்கணக்கில்: ஒரே தலைப்பு 100 மணியில் கால்வாசிக்கு மேல் போகக்கூடாது. முதலுதவியையே திரும்பத் திரும்பப் படித்தவருக்கு அதற்கு மேற்பட்ட மணி தள்ளுபடியாகும். சான்றிதழில் மணி நேரம் அச்சிட்டிருக்கவேண்டும் என்று பயிற்சி நிறுவனத்திடம் இப்போதே சொல்லிவிடுங்கள், பாடக் குறிப்பையும் கேட்டு வாங்கி வையுங்கள். பிறகு தேடினால் அந்தக் கம்பெனியே இருக்காது.

எஸ்பிஎம் தம்பிக்கு: பொது தற்காப்புப் படையில் தொண்டூழியராகச் சேரச் சொல்லுங்கள், மாவட்டச் செயலகம் எப்படி ஓடுகிறது என்று உள்ளிருந்து பார்க்கலாம். பொம்பா வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் விண்ணப்பிக்கட்டும். ஆனால் உடல்பலப் பயிற்சியோடு நின்றுவிடாமல் எக்செல், வரைபடம் வாசிப்பது, மலாயில் அறிக்கை எழுதுவது இந்த மூன்றையும் பிடித்துக்கொள்ளட்டும். கட்டுப்பாட்டு அறையில் பஞ்சம் இதற்குத்தான்.

சுங்கைக்கரை:

நன்றி அண்ணன்மார்களே. கயிறு இறங்குவதை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் மாவட்ட அமைப்பும் மேசை ஒத்திகையும் வைக்கச் சொல்கிறேன். மேசை ஒத்திகையை யார் நடத்துவது? நிறுவனம் அனுப்பும் ஆளுக்கு நம் ஊர் தெரியாதே.

மேசைப்பயிற்சி:

நீங்களே நடத்துங்கள், ஊர் தெரிந்தவர்தான் நல்ல துண்டு எழுதுவார். பயிற்சி நிறுவன ஆளைக் குறிப்பெடுக்க வையுங்கள். மேனேஜரை மட்டும் முதல் சுற்றில் உட்கார வைக்கவேண்டாம். அவர் இருந்தால் மற்ற எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது சுற்றில் அழையுங்கள், அந்தக் கையெழுத்து விஷயத்தையும் அன்றைக்கே முடித்துவிடலாம்.