புதுப்பிப்பு: சான் ஹோசே அலுவலக வாசலில் என்ன நட்டோம்

நான் பராமரிக்கும் அலுவலக வளாகத்தில் வாசல் புல்தரையை எடுத்துவிட்டு, வசந்தத்தில் பூக்கிற மாதிரி என்ன வைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. புல் எப்படியும் போக வேண்டியதுதான். 2023இல் வந்த கலிபோர்னியாச் சட்டப்படி, வெறும் அழகுக்கு வளர்க்கும் புல்லுக்கு வணிக வளாகங்கள் 2028 முதல் குடிநீர் பாய்ச்சக் கூடாது.

சிலர் சொன்ன ஐஸ் பிளான்ட் வேண்டாமென்று விட்டோம். கடலோர மணல்மேடுகளில் பரவி உள்ளூர்ச் செடிகளை அமுக்கிவிடும் செடி அது. சரிவில் படர்கிற வகை சியனோதஸ் என்ற புதர்ச்செடி வைத்தோம். நீலப் பூ அள்ளிக் கொட்டுகிறது, தேனீயும் மொய்க்கிறது. அதனால் கதவோரத்தை மட்டும் தவிர்த்தோம். வேர் பிடித்தபின் கோடையில் தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும், இல்லையென்றால் வேர் அழுகும்.

நடைபாதையோரம் கலிபோர்னியா பாப்பி. நாற்று வாங்காதீர்கள், ஆணிவேர் என்பதால் பிடுங்கி நட்டால் சோர்ந்துவிடும். இலையுதிர் காலத்து மழைக்கு முன் விதையை நேரடியாகத் தூவினோம். ஒரு சிக்கல்: மேகமூட்டக் காலையில் பூ மடக்கிய குடை மாதிரி சுருண்டே இருக்கும். சீக்கிரம் வருகிற மேலாளர், "பூவே இல்லையே?" என்றார். சரி என்று அவர் கண்ணில் படும்படி வாசல் தொட்டிகளில் பான்சி என்ற பூச்செடி வைத்தாயிற்று.

அப்புறம், பாப்பி காய்ந்து விதை தெறிக்கும்வரை வெட்ட வேண்டாமென்று தோட்டக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.