காட்டுவழித் தண்ணீர்: பூவலா, பவுசரா, குளிசையா?

முதல்நடை:
இந்த ஆடிக்கு இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள உகந்தையிலிருந்து கதிர்காமம் முருகன் கோயிலுக்குக் காட்டுவழியாக நடக்கிறோம். எனக்கு முதல் தடவை, அம்மாவுக்கு இரண்டாவது. அம்மாவுக்கு 61 வயது, பிரஷர் குளிசை எடுக்கிறவர். அரிசி, பாய், மருந்துப்பை எல்லாம் ஒழுங்கு. தண்ணீரில்தான் வீட்டில் சண்டை. மாமா ஆளுக்கு ஒரு போத்தல் போதும், மிச்சத்தை முருகன் பார்ப்பான் என்கிறார். தங்கச்சி ஆளுக்கு ஐந்து லீற்றர் கான் வாங்கி அடுக்கியிருக்கிறாள். எவ்வளவு சுமக்க வேண்டும்? வழியில் கிடைக்கிறதை அப்படியே குடிக்கலாமா?

பழையநடை:
தம்பி, நான் 19 தடவை போனவன். ஐந்து லீற்றர் என்றால் ஐந்து கிலோ. அதோடு அரிசி, பாய். முதல்நாள் பத்து மணி வெயிலுக்குள் அரைவாசியை ஊற்றிவிட்டுத்தான் நடப்பீர்கள், எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஆளுக்கு இரண்டு லீற்றர் போதும். வழியில் வருகிற குமுக்கன் ஆற்றில் பூவல், அதாவது மணலில் ஊற்றுக்குழி, தோண்டிக் குடிக்கலாம். அதைவிட நல்ல தண்ணீர் கொழும்பிலும் கிடையாது. தண்ணீரில் போடுகிற குளோரின் குளிசை, பில்டர் எல்லாம் பயந்தவனுக்கு. இத்தனை வருடத்தில் எங்கள் குழுவில் தண்ணீரால் ஒருவர் வழியில் விழுந்ததில்லை.

எட்டாம்வாட்டு:
வழியில் விழ மாட்டார்கள் அண்ணன், வீட்டில்தான் விழுவார்கள். நான் ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்கிறவன். நெருப்புக்காய்ச்சல் (டைபாய்டு) கிருமி உள்ளே போய் ஆளைப் படுக்கவைக்க ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். எலிக்காய்ச்சலும் பெரும்பாலும் அப்படித்தான், ஐந்து நாளிலிருந்து இரண்டு கிழமை. அதற்குள் நீங்கள் கதிர்காமத்தில் தீர்த்தமாடி வீட்டுக்கு வந்து சாமிப்பை கழுவிக் காயப்போட்டிருப்பீர்கள். காய்ச்சல் வந்தால் பனி பட்டது, அலைச்சல் என்பீர்கள். காட்டுத் தண்ணீரை யார் நினைக்கிறார்கள்? எங்கள் குழுவில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்கிற கணக்கு அதனால்தான் எனக்குப் பிடிபடுவதில்லை.

யானை, மான், பன்றி, எருமை எல்லாம் இறங்குகிற ஆறு அது. எலிக்காய்ச்சல் பரவுவதே மிருகத்தின் மூத்திரம் கலந்த தண்ணீரால். குடித்துத்தான் வரவேண்டும் என்றில்லை, காலில் வெடிப்பு இருந்தால் அந்த வழியாகவே உள்ளே போகும். நாலு நாள் நடந்த காலில் வெடிப்பு இல்லாதவர் யார்?

செட்டிநாட்டுப்பிள்ளை:
காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவன். எங்கள் பாதையில் ஒரு துண்டும் தம்ளரும் இருந்தால் போதும். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல், மோர், சுக்குக் காப்பி. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் தண்ணீர் பாக்கெட்டுக்குத் தடை வந்த பிறகு பந்தல்காரர்களுக்கும் டிரம், தம்ளர்தான் வழி. நீங்களும் ஊர் ஊராகப் பந்தல் போடச் சொல்லலாமே?

பழையநடை:
தம்பி, பொத்துவில், பாணமை வரைக்கும் எங்களுக்கும் தாகசாந்தி இருக்கிறது. சர்பத், மோர், பழம் எல்லாம் தருவார்கள். உகந்தை தாண்டினால் குமனைக் காடு, பிறகு யாலைக் காடு. ஊர் இருந்தால்தானே ஊர் ஊராகப் பந்தல்? கரடிதான் வந்து மோர் ஊற்ற வேண்டும்.

செட்டிநாட்டுப்பிள்ளை:
சரி, கரடிக்கு நான் சிபாரிசு செய்யவில்லை. வாசிக்கிறேன்.

முதல்நடை:
காட்டுக்குள் பவுசரில், அதாவது தண்ணீர் லொறியில், தண்ணீர் கொண்டுவந்து தாங்கிகளில் நிரப்புகிறார்களாமே? அப்போ பூவலே தேவையில்லையா?

பழையநடை:
கொண்டுவருகிறார்கள், புண்ணியம். ஆனால் நீங்கள் போகிற நேரத்துக்குத் தாங்கியில் தண்ணீர் இருக்குமா என்பதை யாரும் எழுதித் தர முடியாது. ஒரு வருடம் காட்டுக்குள் நாவலடி என்கிற தங்குமிடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாங்கியின் அடியில் ஒரு சாண் தண்ணீர். ஒரு பையன் தலைகீழாகத் தொங்கி அள்ளுகிறான், முழங்கை வரை உள்ளே. அவன் பின்னால் ஐம்பது பேர், ஐம்பது செம்பு. எட்டாம்வாட்டு, இந்தப் பவுசர் தண்ணீரை நல்லது என்பீர்களா?

எட்டாம்வாட்டு:
இல்லை. இதில் நான் உங்கள் பக்கம்தான். பவுசர் வரும்போது சுத்தமாக இருந்த தண்ணீர், கை போனதும் கெட்டுவிடுகிறது. குழாய் வைத்த தாங்கியில் பிடியுங்கள், செம்பு விட்டு அள்ளுகிற தாங்கியென்றால் ஆற்றுத் தண்ணீர் மாதிரியே நினைத்து குளிசை போடுங்கள். உங்கள் சொந்தக் கானுக்கும் இதே கதைதான். வாய் குறுகிய கான் வாங்குங்கள், ஊற்றிக் குடியுங்கள், உள்ளே கை விடாதீர்கள்.

ஆனால் பூவல் தண்ணீர் சுத்தம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். தெளிவு வேறு, சுத்தம் வேறு.

பழையநடை:
எல்லாப் பூவலும் ஒன்றில்லை. தெரியாதவன் தண்ணீர் ஓடுகிற ஓரத்திலேயே குழி பறிப்பான். மிருகத்தின் அடிச்சுவடு, சாணி இருக்கிற இடத்தை விட்டு மேல்பக்கமாகப் போக வேண்டும். ஓரத்திலிருந்து நாலைந்து அடி தள்ளி, ஈர மணலாகப் பார்த்து, கையால் முழங்கை ஆழத்துக்குத் தோண்டுங்கள். முதலில் ஊறுகிறது சேறு, சிரட்டையால் அள்ளி வெளியே ஊற்றுங்கள். இரண்டாவதையும் ஊற்றுங்கள். மூன்றாவது ஊறும்போது அடியில் மணல் ஒவ்வொன்றாகத் தெரியும். அதைச் சிரட்டையால் ஓரமாக மொண்டு, துணியில் வடித்துக் கானில் விடுவோம். கடல் பக்கம், கழிமுகத்தை நோக்கிப் போகாதீர்கள், உவர் அடிக்கும். உவரை எந்தக் குளிசையும் மாற்றாது, கொதிக்கவைத்தால் இன்னும் கூடும். முக்கியம், முதலை உள்ள ஆறு. தனியாக இறங்கக்கூடாது, இருட்டில் இறங்கவே கூடாது.

என் அப்பாவின் காலத்தில் தேத்தாங்கொட்டை கொண்டுபோவார்கள். பானையின் உட்பக்கத்தில் உரசிவிட்டுத் தண்ணீர் விட்டால் கலங்கல் அடியில் படியும்.

எட்டாம்வாட்டு:
அண்ணன், நீங்கள் சொன்னதில் முக்கால்வாசி நான் சொல்ல வந்ததுதான். மணலும் துணியும் தேத்தாங்கொட்டையும் கலங்கலை எடுக்கின்றன. கலங்கல் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, சேற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். அதனால் உங்கள் பூவல் எனக்கு வேண்டும். பழைய சேலையை நாலாக மடித்து வடித்தாலும் நல்லது. பங்களாதேசத்தில் அப்படி வடித்த ஊர்களில் வாந்திபேதி கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் ஆய்வே வந்தது. ஆனால் பாதி குறைந்தது என்றால் பாதி இருக்கிறது. அந்தப் பாதிக்குத்தான் குளிசை.

ஒரு தவறைப் பலர் செய்கிறார்கள். குளிசை மணம் பிடிக்கவில்லை என்று உடனே தேசிக்காய் (எலுமிச்சை) பிழிவார்கள். தேசிக்காயின் சத்து குளோரினை முறித்துவிடும், குளிசை போட்டும் போடாத மாதிரிதான். போட்டு அரை மணி நேரம் விடுங்கள். பிறகு தேசிக்காய், சீனி, உப்பு எதுவும் சேர்க்கலாம்.

பழையநடை:
இது எனக்குத் தெரியாது. ஆனால் 19 வருடம் குளிசை இல்லாமல் குடித்த வயிறு இது, இனி மாற்றமாட்டேன்.

எட்டாம்வாட்டு:
உங்கள் வயிற்றை யார் கேட்டது? தம்பி தன் அம்மாவைப் பற்றிக் கேட்கிறான். உங்கள் 19 வருடம் அவருக்கு மருந்தாகாது.

பழையநடை:
மரியாதையாகப் பேசுங்கள். நான் அவரைச் சேற்றுத் தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை. கும்பிடப் போகிறவர்களைப் பேதி, காய்ச்சல் என்று பயமுறுத்துவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வாகரை அக்கா:
இரண்டு ஆம்பிளைகளும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஆறு தடவை போனவள் நான். தம்பி, உங்கள் அம்மாவின் பிரச்சினை தண்ணீர் கிடைக்குமா என்பதில்லை, கிடைத்ததைக் குடிப்பாரா என்பதுதான். குழுவில் முன்னும் பின்னும் ஆம்பிளைகள். ஒதுங்கப் புதர் இருந்தாலும் யானைப் பயம். அதனால் விடியற்காலையிலேயே நாங்கள் ஒரு முடிவு எடுத்துவிடுவோம், மத்தியானம் வரைக்கும் வாயை நனைத்தால் போதும் என்று. கான் நிறையத் தண்ணீர், அம்மா மட்டும் காய்ந்துபோய் நடப்பார். போன தடவை என் பெரியம்மா அப்படித்தான் வழியில் வியாளை என்கிற இடத்தில் தலைசுற்றி உட்கார்ந்தார். பையில் இரண்டு போத்தல், மூடிகூடத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து மூத்திரக்கடுப்பு வேறு.

குழுவில் நாலு பெண்கள் சேர்ந்து ஒதுங்குங்கள், ஒருத்தி சேலையை விரித்துப் பிடிக்கட்டும். குழுத் தலைவரிடம் முதல்நாளே சொல்லிவைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்துவார். வெட்கப்படாமல் கேளுங்கள்.

எட்டாம்வாட்டு:
அக்கா சொன்னது நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது. பிரஷர் குளிசையில் மூத்திரம் கூடப் போகச் செய்கிற வகை ஒன்று இருக்கிறது. அம்மா எடுப்பது அதுவா என்று டொக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். வெயிலில் நடக்கும்போது மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். தனித் தண்ணீரையே மொண்டு மொண்டு குடிப்பதும் கூடாது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புச்சீனி பக்கெட் நாலைந்து கொண்டுபோங்கள். அது தீர்ந்துபோனால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

முதல்நடை:
மாமாவும் தங்கச்சியும் இதை ஒன்றாக இருந்து வாசித்தார்கள். ஐந்து லீற்றர் கான்களைத் திருப்பிக் கொடுக்கிறோம். ஆளுக்கு மூன்று லீற்றர், ஒரு லீற்றர் போத்தல் மூன்றாக, ஒன்று கைக்கு எட்டுகிற இடத்தில். வெற்றுப் போத்தல் ஒன்றும் காட்டில் விழாது, தங்கச்சி எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவாளாம். இரவு தங்குகிற இடத்தில் சோறு வடித்த அடுப்பிலேயே தண்ணீர் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு, காலையில் நிரப்புவோம். பகலில் தீர்ந்தால் பூவல், சேலை, குளிசை. சிரட்டையை மாமா எடுத்து வைத்துவிட்டார், அது மட்டும் தன் பொறுப்பாம். டொக்டரிடம் திங்கட்கிழமை போகிறோம்.

பழையநடை:
மூன்று லீற்றர் கூடுதல். ஆனால் அம்மாவுக்காக என்றால் சரி. சிரட்டையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டு, இல்லாவிட்டால் இரண்டாம்நாளே யாரோ எடுத்துவிடுவார்கள்.

முதல்நடை:
அம்மாவுக்கும் ஒரு சந்தேகமாம். குளிசை போட்ட தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் ருசி மாறுமா என்று கேட்கிறா.

எட்டாம்வாட்டு:
தேத்தண்ணிக்குக் கொதிக்கத்தானே வைக்கிறீர்கள் அம்மா, அதற்கு ஏன் குளிசை?