தானாக வேலையை விட்டால் ஈஐ (கனடாவின் வேலையின்மைக் காப்புறுதி) கிடைக்குமா? கிடைக்கத்தான் வேண்டுமா?

வடலி:
ஸ்காபரோவில் ஒரு வேர்ஹவுஸில் வேலை. பகல் ஷிப்ட் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். இப்போது நிரந்தரமாக இரவு ஷிப்டாம், மணித்தியாலச் சம்பளத்தையும் குறைத்துவிட்டார்கள். "விருப்பமில்லை என்றால் எழுதித் தந்துவிட்டுப் போ" என்கிறார் சுப்பர்வைசர். எழுதிக் கொடுத்தால் ஈஐ வருமா?

கணக்கன்:
வராது என்று நினைத்தே முடிவெடுங்கள். கடைசியில் முதலாளி அனுப்பும் ஆர்ஓஈயில் (வேலைப் பதிவுப் பத்திரத்தில்) வேலை நின்ற காரணத்துக்கு ஒரு குறி இருக்கும். வேலை குறைந்து நிறுத்தினால் 'ஏ', நீங்களாக விட்டால் 'ஈ', அவர்கள் விலக்கினால் 'எம்'. 'ஈ' விழுந்தால் கதை முடிந்தது. என்னைக் கேட்டால் அதுதான் நியாயமும். வீட்டை நாமே கொளுத்திவிட்டுக் காப்புறுதி கேட்கலாமா?

பனிமனிதன்:
அண்ணை, கதை முடிவதில்லை, விசாரணை தொடங்குகிறது. ஈஐ சட்டத்தின் 29ஆம் பிரிவில் நியாயமான காரணங்களின் பட்டியலே இருக்கிறது. சம்பளத்தில் பெரிய மாற்றம், வேலைப் பொறுப்பில் பெரிய மாற்றம், துன்புறுத்தல், உடல்நலத்துக்கு ஆபத்தான சூழல், அளவுக்கு மிஞ்சிய ஓவர்டைம், வேலையை விடும்படி முதலாளி கொடுக்கும் நெருக்கடி எல்லாம் அதில் உண்டு. வடலி சொல்வதில் குறைந்தது இரண்டு பொருந்துகிறது.

கணக்கன்:
பாதியை மட்டும் சொல்கிறீர்கள். காரணம் இருந்தால் போதாது, விடுவதைத் தவிர நியாயமான வேறு வழி இருக்கவில்லை என்றும் காட்ட வேண்டும். மனேஜரிடம் பேசினீர்களா, யூனியன் இருந்தால் போனீர்களா, வேறு வேலை தேடினீர்களா என்று, ஈஐ விண்ணப்பங்களைப் பார்க்கும் அரச அலுவலகமான சேர்விஸ் கனடா கேட்கும். அங்கே தடுமாறினால் காசு இல்லை. அதோடு, அதுவரை சேர்த்த மணித்தியாலங்களும் அடுத்த விண்ணப்பத்துக்கு உதவாது. இடத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணித்தியாலம் வரை திரும்பவும் முதலிலிருந்து உழைத்துச் சேர்க்க வேண்டும்.

கோவிலடி:
ஏன் இவ்வளவு கரைச்சல்? எழுதிக் கொடுக்காதீங்கோ. ஆறுதலாக வேலை செய்யுங்கோ, பிந்திப் போங்கோ. அவங்களே நிப்பாட்டுவாங்கள், ஈஐ வரும்.

பனிமனிதன்:
தயவுசெய்து இதைக் கேட்க வேண்டாம். வேண்டுமென்று செய்தால் அது தவறான நடத்தை, தானாக விட்டவருக்குள்ள அதே தண்டனைதான். முயன்றும் வேலை சரிவரவில்லை என்று அனுப்பினால் அது தவறான நடத்தை ஆகாது, ஈஐ கிடைக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் 'என்னை விலக்கிவிட்டார்கள், எனக்கு ஒன்றும் வராது' என்று விண்ணப்பிக்காமலே இருப்பவர்களும் நிறைய.

கணக்கன் அண்ணைக்கு ஒன்று. இந்தக் கடுமை ஆதியில் இருந்து வந்ததல்ல. 1993க்கு முன் தானாக விட்டவருக்குச் சில வாரங்களைத் தண்டமாகக் கழித்து மிச்சத்தைக் கொடுத்தார்கள். அந்த வருடம்தான் முழுவதுமாக அடைத்தார்கள். 1990க்குப் பிறகு ஈஐ நிதிக்கு அரசு தன் பங்கைப் போடுவதும் இல்லை. எங்கள் காசை எங்களுக்குத் தராமல் யாரைக் காப்பாற்றுகிறார்கள்?

கணக்கன்:
எங்கள் காசு மட்டுமா? நாங்கள் ஒரு டொலர் கட்டினால் முதலாளி 1.40 கட்டுகிறார். சலித்துப்போய் விட்டவருக்கும் கொடுத்தால் கட்டுப்பணம் ஏறும், வேலையில் இருப்பவர்தான் சுமப்பார்.

பனிமனிதன்:
ஒரு காலத்தில் அந்தக் கணக்கில் 50 பில்லியனுக்கு மேல் மிச்சம் காட்டினார்கள். அப்போது தொழிலாளிக்கு என்ன திரும்பி வந்தது? சலித்துப்போய் விடுவதற்கு, வாங்கிய சம்பளத்தில் 55 வீதம், அதுவும் 2025இல் வாரத்துக்கு உச்சம் 695 டொலர், ஒன்றும் கொழுத்த சம்பளமில்லை. இந்த வாடகையில் அதை நம்பி யார் விளையாட்டுக்கு விடுவார்?

வடலி:
இரண்டு பேரும் அடிபடுங்கோ, நான் திங்கட்கிழமை சுப்பர்வைசரைப் பார்க்க வேண்டும். என்ன செய்ய?

பனிமனிதன்:
கையெழுத்து எதிலும் போடாதீங்கோ. மாற்றத்தை ஏற்கவில்லை என்று மனேஜருக்கு மின்னஞ்சல் எழுதுங்கோ, பகல் ஷிப்ட் வேறு பிரிவில் இருக்கிறதா என்றும் அதிலேயே கேளுங்கோ. இரவு வேலை உடம்புக்கு ஒத்துவராவிட்டால் டொக்டரிடம் துண்டு எடுங்கோ. 600 மணித்தியாலம் இருந்தால் சுகவீன ஈஐ 26 வாரம் வரை உண்டு. வேலை போனால் ஆர்ஓஈ வரட்டும் என்று இருக்காமல் நான்கு வாரத்துக்குள் விண்ணப்பியுங்கோ. மறுத்தால் 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அதற்கு மேல் தீர்ப்பாயம்.

கணக்கன்:
வாதம் வாதமாக இருக்கட்டும், முதலில் புது வேலை தேடுங்கோ. நிச்சயமான வேலை உடனடியாகக் கைக்கு வரப்போகிறது என்றால் அதுவும் அதே பட்டியலில் ஒரு காரணம். பனிமனிதன் அதை மட்டும் சொல்லவில்லை.

வடலி:
பகல் ஷிப்ட் என்று போட்ட ஒஃபர் கடிதம் இருக்கிறது. கொண்டுபோய்க் காட்டட்டுமா?

பனிமனிதன்:
பிரதியைக் கொண்டுபோங்கோ. மூலம் வீட்டில் இருக்கட்டும்.