குளூட்டன் இல்லாமல் சாப்பிடுபவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். பல வருடங்களாக வயிற்று உப்புசம், பேதி, தீராத சோர்வு. கடைசியில் ரத்தப் பரிசோதனையும் சிறுகுடல் பயாப்ஸியும் சீலியாக் நோய் என்று உறுதிசெய்தன, அதாவது குளூட்டன் என்ற தானியப் புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் நோய். குளூட்டன் உள்ள தானியங்களான கோதுமை, பார்லி, ரை மூன்றையும் நிறுத்திய பிறகு உடம்பு தேறிவிட்டது. அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. ஆனாலும் அவ்வப்போது பழைய வலி எட்டிப் பார்க்கிறது. வீட்டில் மற்றவர்கள் கோதுமை சாப்பிடுகிறார்கள், சமையலறை ஒன்றுதான். சல்லடை, மரக்கரண்டி, காற்றில் பறக்கும் மாவு இவற்றால் கலக்கிறதோ என்று சந்தேகம். இப்படிச் சமாளிப்பவர்கள் எதையெல்லாம் தனியாக வைத்திருக்கிறீர்கள்? ஓட்ஸ் ஒத்துக்கொண்டதா? அப்புறம், பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார் மருத்துவர், அதுவரை கோதுமையை நிறுத்தக் கூடாதாம். அறிகுறியே இல்லாத குழந்தைக்குப் பரிசோதனை செய்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.