நொடிக்கு எத்தனை முறை படத்தை வரைவது என்ற வேகத்தைப் போன் திரை தானாக மாற்றும்போது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

குலசேகரம் பால்வெட்டு
ரப்பர் வெட்டுக்கு விடியுமுன்னரே இறங்குகிறவர்கள் நாங்கள். நடுவில் கொஞ்சம் உட்காரும்போது நெற்றி விளக்கை அணைத்துவிட்டுப் போனை எடுப்பேன். கண் கூசக் கூடாதென்று வெளிச்சம் அடிமட்டத்தில், பின்னணி கறுப்பில். விரலால் தள்ளிக்கொண்டிருக்கும்வரை சரி. விரலை எடுத்த மறுகணம் கறுப்பு வெளிறி, லேசான பச்சை ஏறி, அப்படியே நிற்கிறது. தொட்டால் மறுபடி கறுப்பு. வேகத்தைத் தானாக மாற்றும் அடாப்டிவை நிறுத்தி, நொடிக்கு 60 முறை என்று வைத்தால் இந்தக் கண்சிமிட்டல் இல்லை. ஆனால் நான் பணம் கொடுத்தது 120-க்கு. சர்வீஸ்காரர் பட்டப்பகலில், குழல்விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்துவிட்டு, "முதலில் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்" என்றார். திரையைவிட அந்தப் பேச்சுதான் இன்னும் உறுத்துகிறது.

தூத்தூர் தங்கல்
அண்ணன் சொல்வது சின்னத் தொல்லை. என்னுடையதைக் கேளுங்கள். கொச்சியிலிருந்து தங்கலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, இறங்கினோம். கரை மறைந்தால் டவர் கிடையாது. பாட்டு, முன்கூட்டியே இறக்கிவைத்த வரைபடம், மணி பார்ப்பது, இவ்வளவுதான் போனுக்கு வேலை. என் போனில் 120 நிலையாக ஓடும், தானாக இறங்கத் தெரியாது. கூட வந்த மச்சானுடையது எல்டிபிஓ திரை. படம் அசையாமல் நின்றால் 1 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு ஒரே முறை வரைவதுவரை, இறங்கிவிடும். ஒரு ராத்திரி நாங்கள் இருக்கும் இடத்தைப் புதிதாக வந்த பையனுக்கு வரைபடத்தில் காட்டிக்கொண்டிருந்தேன். நீலப் புள்ளியை அவன் தொடப் போன நேரத்தில் திரை செத்தது. மச்சான் போனில் பாதி சார்ஜ் மிச்சம். அசையாத கடல்வரைபடத்தை நொடிக்கு 120 முறை வரைவதென்பது ஆளில்லாத வீட்டில் மின்விசிறி ஓடுகிற மாதிரி. அடாப்டிவ் இல்லாத போன் இனி எனக்கு வேண்டாம்.

வெட்டூர்ணிமடம்
இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

குலசேகரத்து அண்ணன், உங்கள் கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு வரிசைக்கும் மின்னழுத்தம் ஏற்றக் கிடைக்கும் நேரம் வேகத்துக்கு வேகம் மாறும். 60-இல் ஒரு காட்சிக்கு 16.7 மில்லி நொடி, 120-இல் 8.3 தான். அதனால் நிற அளவீட்டை ஒவ்வொரு வேகத்துக்கும் தனியாகச் சரிசெய்ய வேண்டும். வெளிச்சம் குறையக் குறைய அந்தச் சரிசெய்தலில் உள்ள சின்னப் பிசகும் கண்ணில் படும். 2019-இல் வந்த கூகுளின் பிக்சல் 4 போனை நினைத்துப் பாருங்கள். வெளிச்சம் முக்கால் பங்குக்குக் கீழே போனால் 90-லிருந்து 60-க்கு இறங்கிவிடுகிறது என்று வாங்கியவர்கள் கண்டுபிடித்தார்கள். சில நிலைகளில் இறக்குகிறோம் என்று கூகுளே சொன்னது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அமைப்புகளில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டுங்கள், டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் இந்த வேகத்தை, அதாவது ரிஃப்ரெஷ் ரேட்டை, திரை ஓரத்தில் காட்டச் சொல்லும் ஒரு சுவிட்ச் இருக்கும். இருட்டில் அதைப் போட்டுக்கொண்டு இன்னொரு போனால் வீடியோ எடுங்கள். எண் மாறுவதும் பச்சை ஏறுவதும் ஒரே நேரத்தில் தெரிந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தும் பாருங்கள். அப்டேட் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தூத்தூர்க்காரரே, இரண்டு வெவ்வேறு போன்களை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. டவர் இல்லாத இடத்தில் சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்திருக்கும். ஏரோப்ளேன் மோட் போட்டிருக்க வேண்டும். அதிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். வெளிச்சத்தைக் குறைத்தாலே பாதிக் கவலை தீரும். பவர் பேங்க் ஒன்று எடுத்துப் போங்கள்.

எனக்கு நேர்ந்தது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சென்னை இரவு பஸ்ஸில் இதே பச்சையை ஒரு தடவை பார்த்தேன்.

குலசேகரம் பால்வெட்டு
வீடியோ யோசனை நல்லது. வெளிச்சத்தைக் கூட்டச் சொல்வதுதான் ஒத்துவராது. அந்த இருட்டில் கூட்டினால் அடுத்த மரத்தின் பட்டை கண்ணுக்குத் தெரியாது.

முக்கடல் போட்டோ
120 என்று பூட்டிவைத்தால் பூட்டியபடி இருக்கும் என்று எல்லோரும் பேசுகிறீர்கள், அதுதான் எனக்குப் புரியவில்லை. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம் திறந்ததிலிருந்து உச்சி வெயிலிலும் எனக்கு அங்கே வேலை. வெளிச்சம் முழுசாக, கேமரா விடாமல் ஓட, போன் தோசைக்கல்லாகச் சுடும். ஒரு குடும்பத்துக்கு எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று படங்கள் விட்டுவிட்டு நகர ஆரம்பித்தன. "போன் பழசா அண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டாள். வாங்கிய சூடே ஆறாத போன்! அமைப்பில் போய்ப் பார்த்தால் 120 என்றுதான் இருக்கிறது. திரை ஓடுவது 60-இல். சூடேறினால் போன் தானாக இறக்கிவிடுகிறது. பேட்டரி சேமிப்பைப் போட்டாலும் பல போன்களில் இதே கதை. நிலையானது என்று பெட்டியில் அச்சடிப்பதோடு சரி.

ஆரல்வாய்மொழி அக்கா
சண்டைக்கு நடுவில் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் பழைய 60 போனில் சினிமா பார்க்கும்போது கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும் காட்சிகள் இழுத்து இழுத்து நகரும். சினிமா நொடிக்கு 24 காட்சி. 60 அதற்குச் சரியாக வகுபடாது, ஒன்றை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்ட வேண்டும். 120-இல் ஒவ்வொன்றும் ஐந்து முறை. தம்பி போனில் அதே காட்சி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து அம்மாவிடம் காட்டினேன். "எதில் சத்தம் கூட?" என்று கேட்டார்.

தூத்தூர் தங்கல்
வெட்டூர்ணிமடம் தம்பி, ஏரோப்ளேன் மோட் போடாமல் கடலில் போன் வைத்திருக்கிறவன் எங்கள் படகில் ஒருவனும் கிடையாது. மச்சானுக்கும் எனக்கும் பேட்டரி அளவு ஒன்றே, 5000 எம்ஏஎச் தான், பெட்டியிலேயே இருக்கிறது. பவர் பேங்கும் இருந்தது, உப்பு ஏறி அதன் வாய் துருப்பிடித்துவிட்டது. அதற்கு ஏதாவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.