கலைச்சொல் உதவி: முழுப்பாதை, சார்புப் பாதை (அவசரம்)

வணக்கம் நண்பர்களே,

படத்தொகுப்புச் செயலி ஒன்றின் உதவிப் பக்கங்களை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். ஒரு பத்தியில் சிக்கிக்கொண்டேன். 2019-இல் ஆப்பிள் கணினிகளுக்கான இயங்குதளப் பதிப்பு மேக்ஓஎஸ் கேட்டலினா வந்தபோது இயங்குதளக் கோப்புகள் படிக்க மட்டுமான தனிப் பகுதிக்குப் போயின. வேர் அடைவில் (எல்லா அடைவுகளுக்கும் மேலே இருக்கும் ஃபோல்டர்) சொந்தமாக அடைவு வைத்திருந்தவர்களின் கோப்புகள் அழியவில்லை. 'ரீலொகேட்டட் ஐட்டம்ஸ்' என்ற அடைவுக்கு நகர்த்தப்பட்டன. செயலியோ பழைய இடத்தில் தேடிவிட்டு 'கோப்பு இல்லை' என்கிறது. பாதை என்பது கோப்பு இருக்குமிடத்தைச் சொல்லும் முகவரி. வேரிலிருந்து எழுதிய பாதைக்கு இந்தக் கதி. படங்களைத் திட்டக் கோப்போடு (செயலி நம் வேலையைச் சேமிக்கும் கோப்பு) ஒரே அடைவில் வைத்து, அங்கிருந்து எழுதிய பாதை பிழைத்துக்கொள்ளும். முன்னதை 'முழுப்பாதை', பின்னதை 'சார்புப் பாதை' என்று எழுதியிருக்கிறேன். சரிவருமா?
– தமிழாக்கி

> முழுப்பாதை

'பாதை' வடசொல். 'ஆறு' இருக்க ஏன் கடன்? பரிசில் பெற்ற பாணன் பெறாதவனை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. கோப்பைத் தேடும் செயலிக்கும் அதுதானே தேவை? 'முற்றாறு', 'சாராறு' என்க. 'அதர்' என்பதும் பழைய சொல், காட்டுவழிக்கும் வரும். அடைவுக்குள் அடைவாகப் புகுந்து போவதற்கு அதுவே பொருத்தம் என்பேன்.
– வேர்ச்சொல்லன்

> முற்றாறு

ஐயா, திரையில் 'ஆறு கிடைக்கவில்லை' என்று வந்தால் நாங்கள் நொய்யலைத் தேடிப் போவோம். அதுவும் கிடைக்காது. பிழைச்செய்தியைப் படிப்பவர் ஏற்கெனவே எரிச்சலில் இருப்பார், அகராதியைத் திறக்க மாட்டார். 'பாதை' இருக்கட்டும்.
– கோவைக்காரன்

'பாதை' எனக்கும் சரி. ஆனால் 'சார்பு' இடிக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடமே 'உறவுகளும் சார்புகளும்'. நிரல் எழுதும் மாணவருக்குச் சார்பு என்றால் உள்ளீடு வாங்கி வெளியீடு தருவது. 'சார்பாதை' என்று வினைத்தொகையாக்கினால் அந்தக் குழப்பம் இல்லை, ஒற்றும் மிகாது.
– கணக்கு டீச்சர்

வகுப்பில் 'சார் பாதை' என்று சொல்லிப் பாருங்கள். 'எந்த சார்?' என்று கடைசி வரிசை கேட்கும்.
– கோவைக்காரன்

எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆசிரியர் 'சேர்' தானே.
– வடமராட்சியான்

அப்படியானால் 'சேர்பாதை' என்று ஒன்றைச் செய்துவிடாதீர்கள்!
– கணக்கு டீச்சர்

நண்பர்களே, நாளை அனுப்பியாக வேண்டும். 'முழுப்பாதை', 'சார்புப் பாதை' என்றே விடுகிறேன். முதலில் வருமிடத்தில் 'திட்டக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும் பாதை' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். டீச்சர் பொறுத்தருள்க.
– தமிழாக்கி

பெரும்பான்மை பாதையில் போகட்டும். என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும். போகட்டும், உங்கள் உதவிப் பக்கம் ஒன்றிலேயே மேலே 'அடைவு', கீழே 'கோப்புறை' என்று இருக்கிறதே, இரண்டும் ஒன்றா?
– வேர்ச்சொல்லன்